கேரட் மீட்டர் காட்டும் எண் எந்தக் கூட்டிலிருந்து வருகிறது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரை தெற்கு ஆவணி மூல வீதியிலும் அதையொட்டிய சந்துகளிலும் நகைக்கு 'டச்' (தங்கத்தின் தூய்மை) பார்ப்பது அன்றாட வேலை. நகையைக் கேரட் மீட்டர் என்ற பெட்டிக்குள் வைத்து மூடுகிறார்கள். அரை நிமிடத்தில் தங்கம் இத்தனை, செம்பு இத்தனை என்று சீட்டு வருகிறது. அந்தச் சீட்டை வாங்குகிறவர்கள், மெஷினை வைத்திருப்பவர்கள், கல்லூரியில் இயற்பியல் படிப்பவர்கள் என்று மூன்று தரப்பும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. அணுவில் எலக்ட்ரான்கள் அடுக்கடுக்காக இருக்கும் கே, எல், எம் கூடுகளைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்து மறந்தவர்களுக்கு இங்கே அவை காசு பேசும்.

உரசாமல், உருக்காமல் தங்கம் என்று எப்படித் தெரிகிறது?

பெட்டிக்கு உள்ளே ஒரு சிறிய எக்ஸ்ரே குழாய் இருக்கிறது. அதிலிருந்து வரும் கதிர் நகையில் பட்டு, அணுவின் உட்கூட்டில் இருக்கும் ஓர் எலக்ட்ரானை வெளியே தள்ளுகிறது. உள்ளே இடம் காலியானால் மேல் கூட்டிலிருக்கும் எலக்ட்ரான் ஒன்று அங்கே இறங்கும். இறங்கும்போது மிஞ்சும் ஆற்றலை ஓர் எக்ஸ் கதிராக வெளியே விடும். பாடப்புத்தகத்தில் 'சிறப்பு எக்ஸ் கதிர்' என்று படித்தது இதைத்தான்.

பொற்றாமரைக் குளத்தின் படிக்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மேல்படியிலிருந்து கல் ஒன்று கீழ்ப்படிக்கு விழுந்தால் எழும் சத்தம் இரண்டு படிகளுக்கும் இடையிலான உயரத்தைப் பொறுத்தது. அணுவிலும் அப்படித்தான். ஆனால் அணுவின் படிகள் ஒரே உயரத்தில் கட்டப்பட்டவை அல்ல. அடியில் உள்ள படி மிக ஆழம், மேலே போகப் போகக் குட்டை. அந்த உயரங்கள் தனிமத்துக்குத் தனிமம் மாறும். தங்கத்துக்கு இருக்கும் உயரம் செம்புக்கு வராது. மெஷின் அந்த உயரத்தை அளந்து பெயர் சொல்கிறது.

நகையின் நிறம், மெருகு, அழுக்கு எல்லாம் கணக்கில் வருமா?

நிறம் வராது. நிறத்தையும் ரசாயன வினைகளையும் தீர்மானிப்பவை வெளிக்கூட்டு எலக்ட்ரான்கள். நாம் கேட்பது உட்கூட்டின் பேச்சை. செம்பு தனியாக இருந்தாலும், பச்சைக் களிம்பாக மாறியிருந்தாலும், தங்கத்தோடு கலந்திருந்தாலும் அதன் கோடு, அதாவது அதன் சிறப்புக் கதிரின் ஆற்றல், இந்த மெஷினின் கண்ணுக்கு அதே இடத்தில்தான் விழும். அழுக்கு வேறு கதை. எண்ணெய்ப் பிசுக்கோ, பற்றவைத்தபோது ஒட்டிய வெங்காரமோ திரையில் பெயராக வராது. ஆனால் வெளியே வரும் கதிரை உறிஞ்சிக்கொள்ளும். துடைத்துவிட்டு வையுங்கள்.

கே, எல், எம் என்று ஏன்? ஏ-யிலிருந்து ஏன் தொடங்கவில்லை?

பெயர் வைத்தவர் பிரிட்டிஷ் இயற்பியலாளர் சார்லஸ் பார்க்லா. ஒரு தனிமம் இரண்டு வகைச் சிறப்புக் கதிர்களைத் தருவதைக் கண்டவர், ஊடுருவல் அதிகமானதைக் கே என்றும் குறைந்ததை எல் என்றும் குறித்தார். இவற்றுக்கு முன்னும் பின்னும் வேறு கதிர்கள் அகப்படலாம் என்று எழுத்து வரிசையில் இடம் விட்டுவைத்தார். பின்னால் எம், என் வந்தன. முன்னால் எதுவும் வரவே இல்லை. 1917-க்கான இயற்பியல் நோபல் பரிசு அவருக்கு. விட்டுவைத்த இடம் இன்றைக்கும் காலிதான்.

தங்கத்தின் கோடு 9.71 என்கிறார்கள். அந்த எண் எப்படி வந்தது?

கழித்தல் கணக்குத்தான். தங்க அணுவில் 79 எலக்ட்ரான்கள். கே-யிலிருந்து வெளியே போகும் வரிசையில் 2, 8, 18, 32, 18, 1. எல் கூடு உண்மையில் மூன்று துணைக்கூடுகள்: எல்-1, எல்-2, எல்-3. எல்-3-இல் உள்ள எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்க 11.92 கிலோ எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலின் அலகு) வேண்டும். அந்தக் காலி இடத்துக்கு எம்-5 துணைக்கூட்டிலிருந்து எலக்ட்ரான் இறங்குகிறது; எம்-5-இன் பிணைப்பு ஆற்றல் 2.21. ஆக 11.92 − 2.21 = 9.71. இதுதான் தங்கத்தின் எல்-ஆல்பா. எம்-4-இலிருந்து எல்-2-க்கு இறங்கினால் 11.44; அது எல்-பீட்டா.

வெள்ளிக்குக் கே கூடு (எல்-3-இலிருந்து கே-க்கு இறங்குவது; இதன் பெயர் கே-ஆல்பா): 25.51 − 3.35 = 22.16. செம்புக்கும் கே கூடு: 8.98 − 0.93 = 8.05. இந்த மூன்று எண்களும் நினைவில் இருந்தால் 22 கேரட் நகையின் நிறமாலையை, அதாவது எந்த ஆற்றலில் எவ்வளவு கதிர் வந்தது என்று திரையில் வரும் படத்தை, கண்ணாலேயே படித்துவிடலாம். இனி இந்தப் பக்கத்தில் அலகு சொல்லாமல் வரும் கோட்டு எண்கள் எல்லாம் கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் உள்ளவை.

எல்லாக் கூட்டிலிருந்தும் எல்லாக் கூட்டுக்கும் எலக்ட்ரான் இறங்கிவிடாது. எல்-1-இலிருந்து கே-க்கு இறங்குவது தேர்வு விதியால் (எந்த இறக்கம் நடக்கும், எது நடக்காது என்று சொல்லும் விதி) தடுக்கப்பட்டது. அதனால்தான் கே-ஆல்பா மூன்றாக இல்லாமல் இரண்டாகப் பிரிகிறது: எல்-3-இலிருந்து ஆல்பா-1, எல்-2-இலிருந்து ஆல்பா-2. இரண்டின் செறிவும் ஏறக்குறைய 2-க்கு 1.

புத்தகத்தில் கே-ஆல்பாதான் முக்கியம் என்கிறார்கள். தங்கத்துக்கு மட்டும் எல் ஏன்?

தங்கத்தின் கே கூட்டை உடைக்க 80.7 வேண்டும். கடைகளில் உள்ள குழாய் ஓடுவது 40 முதல் 50 கிலோ வோல்ட்டில்; அதிலிருந்து 50-க்கு மேல் ஆற்றல் உள்ள ஒரு ஃபோட்டான்கூட (கதிரின் ஒரு துணுக்குகூட) வராது. 80 ரூபாய்ப் பொருளை 50 ரூபாய் வைத்துக்கொண்டு வாங்க முடியாது. ஐம்பது ஐம்பதாக ஆயிரம் பேர் வந்தாலும் இந்தக் கடையில் கூட்டுக்கணக்கு கிடையாது. கரண்டை எவ்வளவு கூட்டினாலும் ஃபோட்டான்களின் எண்ணிக்கைதான் கூடும், தனி ஃபோட்டானின் ஆற்றல் கூடாது. எல்-3-க்கு 11.92 போதும் என்பதால் அது எளிதாகக் கிடைக்கிறது. வெள்ளியின் கே-க்கு 25.51 போதும். எனவே ஒரே சீட்டில் தங்கத்துக்கு எல், வெள்ளிக்கும் செம்புக்கும் கே என்று கலந்து வருகிறது.

மோஸ்லே விதியைப் போட்டால் இந்த எண்கள் வருமா?

அணு எண்ணிலிருந்து கோட்டின் ஆற்றலைக் கணிக்கும் விதி அது. கே-ஆல்பாவுக்கு: ஆற்றல் = 10.2 எலக்ட்ரான் வோல்ட் × (அணு எண் − 1)². செம்பு 29: 28² = 784; பெருக்கினால் 8.00. அளந்தது 8.05. வெள்ளி 47: 21.6, அளந்தது 22.16. தங்கம் 79: 62.1, அளந்தது 68.8. கனம் கூடக் கூட வித்தியாசம் பெரிதாகிறது, ஏனென்றால் கனமான அணுவில் உட்கூட்டு எலக்ட்ரானுக்குச் சார்பியல் விளைவு (மிக அதிக வேகத்தால் வருவது) பலமாகப் படுகிறது. இந்தச் சூத்திரத்தைத் தங்கத்துக்குப் போட்டுவிட்டு 'ஏன் ஒத்துவரவில்லை' என்று மண்டையைக் குழப்பிக்கொள்ளும் மாணவர்களுக்காக இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

1913–14-இல் ஹென்றி மோஸ்லே இந்த ஒழுங்கைக் காட்டிய பிறகுதான் தனிமங்களை அணு எடையை வைத்து அல்லாமல் அணு எண்ணை வைத்து வரிசைப்படுத்துவது உறுதியானது. 43, 61, 75 ஆகிய இடங்கள் காலி என்பதையும் அந்தக் கோடுகளே காட்டின. மோஸ்லே 1915-இல் கல்லிப்போலி போரில் இறந்தார், வயது 27.

திரையில் வரும் முகடுகளை எப்படிப் படிப்பது?

இடமிருந்து வலமாகப் போங்கள். 22 கேரட் நகையில் முதலில் 8.05-இல் செம்பு. அதன் பீட்டா (எம் கூட்டிலிருந்து கே-க்கு இறங்குவது) 8.90-இல். துத்தநாகம் கலந்திருந்தால் 8.64-இல் ஒரு மேடு. அடுத்து 9.71-இலும் 11.44-இலும் தங்கத்தின் இரட்டை முகடு. படத்தில் எடுப்பாகத் தெரிவது இதுதான். 13.38-இல் தங்கத்தின் எல்-காமா, சிறியது. பிறகு வெகு தூரம் வெறும் தரை. 22.16-இல் வெள்ளி, 24.94-இல் அதன் பீட்டா.

15.77-இல் ஏதாவது எழுந்தால் அது ஜிர்கோனியம்: கதிர் தங்கத்தில் படவில்லை, அமெரிக்கன் டயமண்ட் கல்லில் பட்டிருக்கிறது. 10.55-இல் எழுந்தால் ஈயம். ஈயக் கண்ணாடிக் கல்லாக இருக்கலாம், மட்டமான பற்றவைப்பாகவும் இருக்கலாம். பெட்டிக்குள் இருக்கும் கேமராவில் இடத்தைப் பார்த்து நகர்த்திவிட்டு மறுபடி எடுங்கள். எண்ணை மட்டும் பார்த்து, படத்தைப் பார்க்காமல் சீட்டு அடிக்கும் பழக்கம் நல்லதல்ல.

முகட்டின் உயரம்தானே சதவீதம்?

இல்லை. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். தங்கத்திலிருந்து கிளம்பும் 9.71 கதிர், பக்கத்திலிருக்கும் செம்பின் கே கூட்டை உடைக்கப் போதுமானது, செம்புக்கு 8.98 இருந்தால் போதும். எனவே தங்கம் சூழ்ந்திருக்கும் செம்பு தன் பங்குக்கு மேல் ஒளிர்கிறது. வெள்ளியின் 22.16 கதிரோ தங்கத்தின் எல் கூடுகளை உடைத்துவிடுகிறது. ஒன்றை ஒன்று தூண்டியும், ஒன்றின் கதிரை மற்றொன்று விழுங்கியும் நிற்கும் இந்தச் சிக்கலை மென்பொருள் கணக்குப் போட்டுத்தான் பிரிக்கிறது. அந்தக் கணக்கு சரியாக வர, சோதிக்கும் நகைக்கு நெருக்கமான கலவையில் சான்று பெற்ற மாதிரித் தகடு வேண்டும். 22 கேரட்டுக்கு அளவுதிருத்தம் செய்த மெஷினில் 14 கேரட் வெள்ளைத் தங்கத்தை வைத்துவிட்டு வரும் எண்ணை நம்பக்கூடாது.

சீட்டில் எல்லாம் கூட்டினால் எப்போதும் சரியாக 100 வருகிறதே, அவ்வளவு துல்லியமா?

100 வருவது துல்லியத்தால் அல்ல. கண்டுபிடித்த தனிமங்களை மட்டும் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையை 100 ஆக்கி, மென்பொருள் பங்கு பிரிக்கிறது. தங்கம் 91.72, செம்பு 5.10, வெள்ளி 3.00, துத்தநாகம் 0.18 என்று ஒரு சீட்டு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நகையில் 1 சதவீதம் இரிடியம் (பிளாட்டினம் வகை உலோகம்) இருந்து, மென்பொருளின் பட்டியலில் இரிடியம் தேர்வு செய்யப்படாமல் இருந்தால், அதன் பங்கு மற்றவற்றின் கணக்கில், பெரும்பாலும் தங்கத்தின் கணக்கில், போய் ஒட்டிக்கொள்ளும். கூட்டினால் அப்போதும் 100-தான்.

ஒரே சங்கிலி. ஒரு கடையில் 91.8, இன்னொரு கடையில் 90.9. யார் ஏமாற்றுகிறார்கள்?

பல நேரம் யாருமே இல்லை. முதலில் எண்ணிக்கைக் கணக்கு. மெஷின் ஃபோட்டான்களை ஒவ்வொன்றாக எண்ணுகிறது. எண்ணியது எத்தனையோ அதன் வர்க்கமூலம் அளவுக்குப் பிசகு இயல்பாகவே இருக்கும். தங்க முகட்டில் 90,000 எண்ணினால் பிசகு 300, அதாவது 0.33 சதவீதம். பாதியாகக் குறைக்க வேண்டுமென்றால் நான்கு மடங்கு நேரம் எடுக்க வேண்டும். பத்து நொடியில் எடுத்த சீட்டில் இரண்டாவது தசமத்தைப் பார்த்துச் சண்டை போடுவதில் பொருளில்லை.

அடுத்தது இடம். கதிர் படும் வட்டம் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரோ அதற்குக் குறைவோ. சங்கிலியின் வளையத்தில் பட்டால் ஒரு எண், பற்றவைத்த மூட்டில் பட்டால் வேறு எண். பற்றாசு சீக்கிரம் உருக வேண்டும் என்பதற்காகவே அதில் செம்பும் துத்தநாகமும் கூடுதலாகச் சேர்க்கிறார்கள். வளைவான இடத்தில் தூரம் மாறி, கதிர் கிளம்பும் கோணமும் மாறும். நகையைத் திருப்பித் திருப்பி, மூட்டைத் தவிர்த்து, குறைந்தது ஐந்து இடத்தில் எடுத்துச் சராசரி பாருங்கள். ஐந்தும் 0.3-க்குள் நின்றால் எண்ணை நம்பலாம். ஒன்று மட்டும் விலகினால் அந்த இடத்தைக் கேமராவில் உற்றுப் பாருங்கள்.

மூன்றாவது, பலருக்குத் தெரியாதது: மேல்தோல். பற்றவைத்த பிறகு கறுப்பு நீங்க நகையை அமிலத்தில் போடுகிறார்கள். அமிலம் மேலிருக்கும் செம்பைக் கரைக்கும், தங்கத்தைத் தொடாது. கடைசியில் மேலே தங்கம் செறிந்த மெல்லிய தோல் ஒன்று மிஞ்சும். மெஷின் பார்ப்பது அந்தத் தோலைத்தான். எண் உயர்ந்து வரும். உட்புறம் யாருக்கும் தெரியாத இடத்தில் அரத்தால் லேசாக ராவிவிட்டு அதே இடத்தில் மறுபடி எடுத்தால் எண் இறங்கும். விற்கிறவர் 91.8 என்பதும் வாங்குகிறவர் 90.9 என்பதும் இரண்டுமே உண்மையாக இருக்க இதுவே போதும்.

எவ்வளவு ஆழம் வரை பார்க்கும்? கவரிங் மாட்டுமா?

தங்கத்தில் ஏறக்குறைய 10 மைக்ரான். மனிதத் தலைமுடியின் தடிமன் 50 முதல் 100 மைக்ரான்; அதில் பத்தில் ஒரு பங்கு என்று வையுங்கள். அதற்குக் கீழிருந்து கிளம்பும் எல்-ஆல்பா மேலே வருவதற்குள் தங்கமே அதை விழுங்கிவிடும்.

சாதாரணக் கவரிங் உடனே மாட்டும். ஒரு மைக்ரான் தங்கப் பூச்சுக்கு அடியிலுள்ள செம்பின் கதிரில் மூன்றில் இரண்டு பங்கு வெளியே வந்துவிடும். திரையில் செம்பு முகடு மலைபோல் நிற்கும். கனமான பூச்சுதான் சிக்கல். 10 மைக்ரான் தங்கம் போர்த்தினால் 100-க்கு 2 அளவே செம்புக் கதிர் தப்பி வரும். எடை போட்டு, நீரில் தொங்கவிட்டு அடர்த்தி பார்த்தால் 22 கேரட்டுக்கு 17.5 முதல் 18 வரை வர வேண்டும். செம்பு உள்ளே இருந்தால் அடர்த்தி விழுந்துவிடும்.

கட்டியில் டங்ஸ்டன் வைத்தால் அடர்த்தியும் உதவாது: தங்கம் 19.3, டங்ஸ்டன் 19.25. மெஷின் மேலே உள்ள தங்கத்தை மட்டும் பார்த்து 99.9 என்று சந்தோஷமாகச் சொல்லும். அங்கே அல்ட்ராசவுண்ட் வேண்டும், இல்லையென்றால் வெட்டிப் பார்க்க வேண்டும்.

துத்தநாகமும் இரிடியமும் ஏன் தலைவலி?

துத்தநாகத்தின் கே-பீட்டா 9.57, தங்கத்தின் எல்-ஆல்பா 9.71. நல்ல சிலிக்கான் டிரிஃப்ட் டிடெக்டர்கூட (வரும் கதிரை அளக்கும் பாகம்) இந்த இரண்டையும் தனித்தனியாகப் பிரிக்காது. முகட்டின் அகலமே இந்த இடைவெளி அளவுக்கு இருக்கும். தப்பிக்க ஒரு வழி உண்டு: பீட்டா எப்போதும் ஆல்பாவின் ஏழில் ஒரு பங்கு அளவு. 8.64-இல் தனியாக நிற்கும் ஆல்பாவை அளந்து, அந்தப் பங்கைத் தங்க முகட்டிலிருந்து கழித்துவிடலாம். முகடுகள் சற்றே நகர்ந்திருந்தாலும் இந்தக் கழித்தல் தப்பாகும்.

இரிடியம் 9.18-இல் எழும், துத்தநாகத்துக்கும் தங்கத்துக்கும் நடுவில் சந்துபோல். ருத்தேனியம் 19.28-இல், தனியாக. இரண்டும் தங்கத்தில் கரைவதில்லை, துகள்களாகத் தங்கிவிடும். இரிடியத்தின் அடர்த்தி 22.56 என்பதால் உருக்கும்போது மூசையின் அடியில் போய்ப் படியும். எனவே உருக்கிய கட்டியின் மேல்பக்கம் மட்டும் எடுத்துவிட்டு விடாதீர்கள், அடிப்பக்கமும் எடுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் இருந்தால் கேள்வி கேளுங்கள்.

கேடிஎம் (காட்மியம் கலந்த பற்றாசு) காலத்து நகைகளில் காட்மியம் 23.17-இல் வரும்; வெள்ளியின் 22.16-க்கு வலப்பக்கம். பழைய வாயு நிரப்பிய ப்ரொபோர்ஷனல் கவுன்டர் மெஷினில் இரண்டும் ஒரே மேடாகத் தெரியும். செம்பு, துத்தநாகம், தங்கம்கூட அதில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். செகண்ட் ஹேண்டில் மெஷின் வாங்குகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது, உள்ளே என்ன டிடெக்டர் என்பதுதான். மென்பொருள் அழகாக இருப்பது பிறகு.

8 அருகே செம்பு கொஞ்சம் கூடுதலாகவே காட்டுகிறது. சுத்தத் தங்கத்திலும் வருகிறது. ஏன்?

சிலிக்கான் டிடெக்டருக்குள் நுழைந்த தங்கக் கதிர் சில சமயம் ஒரு சிலிக்கான் அணுவின் கே கூட்டை உடைத்து, அந்தச் சிலிக்கானின் 1.74 கதிர் வெளியே தப்பிவிடும். மிச்சம் 9.71 − 1.74 = 7.97. செம்பின் 8.05-க்கு ஒட்டினாற்போல் பொய் மேடு ஒன்று எழும். மிகச் சிறியது, மென்பொருளில் 'எஸ்கேப்' திருத்தம் போட்டிருந்தால் போய்விடும்.

மதுரை வெயிலில் மெஷின் தகராறு செய்கிறது.

செய்யும். டிடெக்டரில் விழும் ஒவ்வொரு தங்க ஃபோட்டானும் ஏறக்குறைய 2,700 எலக்ட்ரான்-துளை இணைகளை உண்டாக்குகிறது. அந்தத் துளியளவு மின்னூட்டத்தை எண்ணித்தான் ஆற்றல் கணக்கிடப்படுகிறது. டிடெக்டரைக் குளிர்விக்கும் பெல்டியர் தகடு, சித்திரை மாத அறை வெப்பத்தில் திணறினால் இரைச்சல் கூடி முகடுகள் பருத்துவிடும். ஏசி அறை, காற்றுத் துளைகளில் தூசி இல்லாமல் இருப்பது, ஆன்லைன் யுபிஎஸ், இந்த மூன்றும் ஆடம்பரம் அல்ல. காலையில் போட்டதும் 20–30 நிமிடம் சூடேற விடுங்கள். பிறகு சுத்த வெள்ளியோ செம்போ வைத்து முகடு 22.16-இலும் 8.05-இலும் நிற்கிறதா என்று பாருங்கள். மின்சாரம் போய் வந்தால் மறுபடி பாருங்கள்.

கார்பன், சோடியம் ஏன் வருவதில்லை?

லேசான அணுக்கள் கதிரை விடுவதற்குப் பதில் அந்த ஆற்றலை இன்னொரு எலக்ட்ரானிடம் கொடுத்து அதையே வெளியே தள்ளிவிடும். இது ஓஷே விளைவு. செம்பின் கே காலியிடங்களில் 100-க்கு 44 கதிராகும், வெள்ளியில் 83. கார்பனில் ஆயிரத்துக்கு இரண்டு மூன்றுதான். அப்படி வருவதையும் இடையிலுள்ள காற்று குடித்துவிடும்.

சோதித்த நகையில் கதிர்வீச்சு தங்குமா?

தங்காது. இங்கே அசைவது எலக்ட்ரான் மட்டும், அணுக்கரு தொடப்படவில்லை. குழாய் அணைந்ததும் கதிரும் நின்றுவிடும். தாலிச் சங்கிலியை எடுத்து அப்படியே போட்டுக்கொள்ளலாம். ஆபத்து மூடியில் இருக்கிறது: மூடி திறந்தால் குழாய் நிற்க வேண்டும். அந்த ஸ்விட்சைச் செல்லோடேப் ஒட்டி ஏமாற்றிவிட்டு வேலை பார்ப்பது, விரலை நேரடியாக எக்ஸ்ரேயில் வைப்பதுதான்.

ஆஸ்பத்திரி எக்ஸ்ரேயும் இதுவும் ஒன்றா?

அங்கே படம் எடுக்க உதவுவது பெரும்பாலும் தொடர் எக்ஸ் கதிர்; எலக்ட்ரான்கள் டங்ஸ்டனில் மோதி வேகம் குறையும்போது வருவது. டங்ஸ்டனின் கே-ஆல்பா 59.3-உம் சேரும், ஆனால் குழாய் 69.5 கிலோ வோல்ட்டுக்கு மேல் ஓடினால் மட்டும்.

அப்படியானால் ஹால்மார்க்குக்கு இதுவே போதாதா?

போதாது. ஹால்மார்க் மையத்தில் எக்ஸ்.ஆர்.எஃப். (இந்த மெஷின் செய்யும் எக்ஸ் கதிர் சோதனை) முதல் வடிகட்டல்தான், தூய்மையைத் தீர்மானிப்பது ஃபயர் அசே. சுரண்டியெடுத்த மாதிரியை வெள்ளியும் ஈயத்தகடும் சேர்த்து, எலும்புச் சாம்பல் கிண்ணத்தில் ஆயிரம் டிகிரி செல்சியஸுக்கு மேல் உருக்குவார்கள். ஈயமும் செம்பும் ஆக்சைடாகிக் கிண்ணத்துக்குள் இறங்கிவிடும். மிஞ்சிய மணியைத் தகடாக அடித்து, நைட்ரிக் அமிலத்தில் வெள்ளியைக் கரைத்து, எஞ்சிய தங்கத்தை எடை போடுவார்கள். கூட்டையோ கோட்டையோ நம்பாத, நேராகத் தராசில் முடியும் வேலை. 2023 ஏப்ரல் 1 முதல் கடையில் விற்கும் ஹால்மார்க் நகையில் எழுத்தும் எண்ணுமாக ஆறு இலக்க அடையாளக் குறி இருக்க வேண்டும். அதை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் தட்டிப் பாருங்கள்.

பழைய நகையை மாற்றப் போகிறவர்கள் மெஷின் சீட்டோடு நின்றுவிடாமல், 'உருக்கிய பிறகு கட்டியின் இருபுறமும் எடுத்துக் காட்டுங்கள்' என்று கேட்கலாம். உருக்கினால் மேல்தோல், மூட்டு, பூச்சு எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும். 8 கிராம் சவரன் ஒன்றில் 0.9 சதவீத வித்தியாசம் என்பது 72 மில்லிகிராம் தங்கம்.